மூன்று மொழிகளில் ஓர் இறந்தகாலம்

காலம் மூன்று என வகுத்தனர் நம் இலக்கண நூலார். அம்மூன்றனுள் எதிர்காலம் நம் கையில் இல்லை. நிகழ்காலமோ சொல்லி முடிப்பதற்குள் கழிந்துவிடுகிறது. நடந்து முடிந்ததைத்தான் நாம் சொல்லில் வைத்துக் காக்கிறோம். ஊரை விட்டு வந்து வேற்றூரில் வேரூன்றிய குடும்பங்களுக்கு இவ்வுண்மை இன்னும் நன்றாகப் பொருந்தும். எங்கிருந்து வந்தோம், யார் முதலில் வந்தார், எந்தக் கடையில் வேலைக்கு நின்றார், எந்தத் தெருவில் குடியிருந்தார் என்பனவெல்லாம் இறந்தகால வினைகளாகவே நம் இல்லங்களில் வாழ்கின்றன. ஆதலின் இறந்தகாலத்தை எம்மொழியில் எவ்வாறு சொல்கிறோம் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம் மட்டும் அன்று. குடும்பத்தின் நினைவு எவ்வாறு கைம்மாறுகிறது என்பதும் அதில் அடங்கியுள்ளது.

கொச்சியில் வாழும் தமிழ்ப் பிள்ளையின் காதில் நாள்தோறும் மூன்று இறந்தகாலங்கள் விழுகின்றன. மட்டாஞ்சேரியின் கடைத்தெருக்களில் மலையாளம், கொங்கணி, குசராத்தி, தமிழ் ஆகிய பல மொழிகள் பேசப்பட்டு வந்தன, இன்றும் பேசப்படுகின்றன. கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில் உள்ள சலவைத்துறையில், பல தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் இன்னும் தமிழ் பேசுகின்றன. காயலுக்கு இப்பால், எறணாகுளத்தின் வடபகுதியாகிய கலூரில் வாழும் நம்மைப் போன்றோர் பெரும்பாலும் வேலையின் பொருட்டுப் பிற்காலத்தில் வந்தவர்கள். துறை எதுவாயினும் நிலை ஒன்றே. வீட்டில் தமிழ், தெருவிலும் விளையாட்டுத் திடலிலும் மலையாளம், வகுப்பறையில் ஆங்கிலம். பிள்ளை ஒரே மாலைப் பொழுதில், ‘வந்தான்’ என்றும், ‘வந்நு’ என்றும், ‘கேம்’ என்றும் ஒரே செய்தியை மூன்று வாயால் சொல்லிவிடுகிறது.

இம்மண்ணுக்கு ஆங்கிலக் கல்வி புதியதன்று. 1818ஆம் ஆண்டிலேயே டாசன் என்னும் பாதிரியார் மட்டாஞ்சேரியில் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். 1845இல் எறணாகுளத்தில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளியே 1875இல் கல்லூரியாக உயர்ந்து, மகாராசாக் கல்லூரியாக இன்றும் விளங்குகிறது. அன்று முதல் இன்று வரை இங்குள்ள பிள்ளைகள் ஆங்கில இறந்தகாலத்தின் முன் தடுமாறியே வந்திருக்கின்றனர். அத்தடுமாற்றத்தைத் தீர்க்கும் திறவுகோல் நம் வீட்டிலேயே, நம் தாய்மொழியின் வினைச்சொல்லிலேயே இருக்கிறது என்பதை எடுத்துக் காட்டுவதே நம் நோக்கம்.

சொல்லின் உருவம்

ஆங்கிலத்தில் ‘சிம்பிள் பாஸ்ட்’ எனப்படும் எளிய இறந்தகாலம் இரு வழிகளில் அமைகிறது. வினையின் இறுதியில் ‘இ’, ‘டி’ என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்ப்பது ஒரு வழி. சொல்லின் உள்ளே உயிரொலியை மாற்றுவது மற்றொரு வழி.

முதல் வழி எளிது என்று ஆசிரியர்கள் சொல்வர். எழுத்தில் எளிதுதான்; ஒலியில் அவ்வாறில்லை. ஒரே ஈறு மூன்று விதமாக ஒலிக்கிறது. துவைத்தலைக் குறிக்கும் ‘வாஷ்’ என்பது ‘வாஷ்ட்’ ஆகும்போது, இறுதி ஒலி நம் ‘பட்டு’ என்னும் சொல்லில் உள்ள ட் போல அழுத்தமாக வரும். அழைத்தலைக் குறிக்கும் ‘கால்’ என்பது ‘கால்ட்’ ஆகும்போது, அது ‘பாடு’ என்னும் சொல்லில் உள்ள ட் போல மெலிந்து வரும். காத்திருத்தலைக் குறிக்கும் ‘வெயிட்’ போன்ற சொற்கள் முன்னரே அவ்வொலியில் முடிவதால், இடையில் ஓர் உயிர் தோன்றி ‘வெயிட்டெட்’ என ஓரசை கூடும். பிள்ளை இதனை விதியாக மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. பட்டு, பாடு என்னும் இரு சொற்களிலும் எழுத்து ஒன்றாயினும் ஒலி வேறு என்பது தமிழ்ப் பிள்ளைக்கு எவரும் கற்பிக்காமலே தெரியும். அந்தச் செவியறிவை ஆங்கிலத்தின் மேல் வைத்துக் காட்டினால் போதும்.

இன்னொரு தடையும் உண்டு. தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடிவதில்லை. க், ட், ப் என்பவை சொல்லின் இறுதியில் நிற்க நேர்ந்தால் நம் நாக்கு ஓர் உகரத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும். அதனால்தான் ‘வாஷ்ட்’ என்பது நம் வாயில் ‘வாஷ்டு’ ஆகிறது. நம் மொழியின் இயல்பு அந்நிய மொழியிலும் தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவே. காரணத்தைச் சொல்லித் திருத்தினால் பிள்ளை சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்ளும். காரணம் சொல்லாமல் கடிந்தால் வாயையே மூடிக்கொள்ளும்.

இரண்டாம் வழியில் அமைபவையே பிள்ளைகளை அச்சுறுத்துவன. ‘சிங்’ என்பது ‘சாங்’ ஆகிறது. ‘ரைட்’ என்பது ‘ரோட்’ ஆகிறது. ‘கிவ்’ என்பது ‘கேவ்’ ஆகிறது. ‘கோ’ என்பதோ, எழுத்துக்கு எழுத்து ஒட்டில்லாத ‘வென்ட்’ ஆகிறது. இது வேறொரு வினையிலிருந்து வந்து குடியேறிய சொல். ‘வென்ட்’ என்பது முற்காலத்தில் ‘திரும்பிச் செல்’ என்னும் பொருளுடைய மற்றொரு வினையின் இறந்தகாலம். தன் வீட்டை விட்டு வந்து ‘கோ’வின் வீட்டில் தங்கிவிட்டது. குடிபெயர்ந்தவர்களாகிய நாம் அதனை அந்நியமாக எண்ணலாகாது.

பள்ளிப் புத்தகங்கள் இவ்வினைகளை அகர வரிசையில் அடுக்கித் தருகின்றன. அவ்வாறு படித்தால் ஒன்றும் நில்லாது. இனம் இனமாகப் பிரித்துப் படித்தால் நிற்கும். ‘சிங், சாங்’, ‘டிரிங்க், டிராங்க்’, ‘பிகின், பிகான்’ என்பவை ஓரினம். ‘பிரிங், பிராட்’, ‘பை, பாட்’, ‘திங்க், தாட்’, ‘டீச், டாட்’, ‘காச், காட்’ என்பவை ஓரினம். ‘கட்’, ‘புட்’, ‘ஷட்’, ‘ஹிட்’ என்பவை எக்காலத்தும் மாறாத ஓரினம். இவை யாவும் அந்த இறந்தகால ஒலியையே தமக்கு ஈறாகக் கொண்டவை என்பதைக் கவனித்தால், ஏன் மாறவில்லை என்பதும் விளங்கும்.

‘ஆங்கிலம் ஒழுங்கற்ற மொழி, தமிழ் அவ்வாறில்லை’ என்று சிலர் பெருமை பேசுவர். அப்பெருமை நமக்கு வேண்டுவதில்லை. பவணந்தி முனிவர் நன்னூலில் இறந்தகால இடைநிலைகளாகத் த், ட், ற், இன் என்பவற்றைக் கூறினார். செய்தான், உண்டான், கற்றான், ஓடினான் என்பவை முறையே அவற்றுக்கு எடுத்துக்காட்டு. புகு, பெறு, தொடு போன்ற வினைகளில் பகுதியே இரட்டித்துப் புக்கான், பெற்றான், தொட்டான் எனக் காலம் காட்டும். அழு என்பது ‘அழுதான்’ ஆகிறது. விழு என்பதோ ‘விழுந்தான்’ ஆகிறது. ஏன் ‘அழுந்தான்’ என்றும் ‘விழுதான்’ என்றும் வரவில்லை என்று ஓர் ஆங்கிலேயர் நம்மைக் கேட்டால் என்ன விடை சொல்வோம்? வழக்கு அவ்வாறு என்றுதான் சொல்வோம். தாய்மொழியில் வழக்கை மதிப்பவர் பிறமொழியிலும் அதனை மதிக்கலாம்.

தன் மொழியில் இத்தகைய மாற்றங்களைக் குழந்தை எவ்வாறு கற்கிறது என்பதை அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். 1958இல் ஜீன் பெர்க்கோ என்னும் அமெரிக்க மொழியியல் அறிஞர், பொருளற்ற புதுச்சொற்களை உருவாக்கிச் சிறு குழந்தைகளிடம் கொடுத்தார். முன்பு ஒருபோதும் கேட்டிராத அச்சொற்களுக்கும் குழந்தைகள் இறந்தகால ஈற்றைத் தாமே சேர்த்துச் சொல்லின. குழந்தை கேட்டதை மட்டும் ஒப்பிப்பதில்லை. கேட்டவற்றிலிருந்து விதியை எடுத்துக்கொள்கிறது என்பது அதனால் புலப்பட்டது. ஆங்கிலேயர் வீட்டுக் குழந்தையும் ‘வென்ட்’ என்பதற்கு மாறாக ‘கோட்’ என்று சில காலம் சொல்லவே செய்யும். எனவே நம் பிள்ளை அவ்வாறு சொன்னால் வருந்த வேண்டுவதில்லை. விதி பிடிபட்டுவிட்டது, வழக்கு இனிமேல் பிடிபடும்.

வினாவும் மறுப்பும்

எளிய இறந்தகாலத்தில் தவறு மிகுதியாக நிகழும் இடம் வினாவும் மறுப்புமே. ‘அவன் வந்தான்’ என்பதற்கு ‘ஹி கேம்’ என்று பிழையின்றிச் சொல்லும் பிள்ளை, ‘வந்தானா?’ என்பதற்கு ‘டிட் ஹி கேம்?’ என்றும், ‘வரவில்லை’ என்பதற்கு ‘ஹி டிட் நாட் கேம்’ என்றும் சொல்லிவிடுகிறது. இரண்டிடத்தும் ‘கம்’ என்றே வரவேண்டும். ‘டிட்’ என்னும் துணைவினை காலத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டதனால், முதல்வினை சுமை இறக்கிய ஆளைப் போல வெறுமனே நிற்கிறது.

தமிழறிந்த பிள்ளைக்கு இதனை விளக்குவது அரிதன்று. ‘வரவில்லை’ என்னும் சொல்லைப் பிரித்துக் காட்டுக. அதில் ‘வந்த்’ என்னும் இறந்தகால வடிவம் எங்கே? இல்லை. ‘வர’ என்பது காலம் காட்டாத எச்சமாக நிற்க, ‘இல்லை’ என்பது மறுப்பை ஏற்கிறது. நான் வரவில்லை, நீ வரவில்லை, அவர்கள் வரவில்லை என இடமும் பாலும்கூட அங்கு மறைந்துவிடுகின்றன. ‘டிட் நாட் கம்’ என்பதில் ‘கம்’ வெறுமனே நிற்பதும் இதைப் போன்றதே.

மலையாளத்திலோ ‘வந்நில்ல’ என்பர். அங்கு இறந்தகால வடிவம் மறுப்பிலும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெருவில் நாள் முழுவதும் ‘வந்நில்ல’ என்று பேசிவிட்டு வரும் பிள்ளை ‘டிட் நாட் கேம்’ என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். அவ்வேளையில் வீட்டுத் தமிழ் அதற்குக் கைகொடுக்கும். ஆயினும் வினாவில் தமிழும் மலையாளமும் ஒரு பக்கமே நிற்கின்றன. ‘வந்தானா’, ‘வந்நோ’ என இரண்டிலும் இறந்தகால வடிவம் அப்படியே இருக்கிறது. ஆகவே மறுப்புக்குத் தமிழை நினை, வினாவுக்கு ‘டிட்’டை நினை என்று பிள்ளைக்குச் சொல்லித் தரலாம்.

எப்போது சொல்வது

வடிவம் தெரிந்தால் போதாது. இடமறிந்து வழங்கவும் வேண்டும். முடிந்துபோன ஒரு காலத்தில் முடிந்துபோன செயலைச் சொல்வதே எளிய இறந்தகாலத்தின் முதற்பணி. நேற்று, சென்ற ஆண்டு, 1956இல் என்பன போன்ற காலச்சொல் வந்தால் இதுவே வரவேண்டும். ‘நேற்று அவனைப் பார்த்திருக்கிறேன்’ என்று தமிழில் சொன்னால் நம் காது ஒப்புவதில்லை. ‘நேற்றுப் பார்த்தேன்’ என்பதே இயல்பு. ஆங்கிலத்திலும் ‘நேற்று’ என்னும் சொல்லோடு ‘ஹேவ் சீன்’ பொருந்தாது. ‘சா’ என்பதே பொருந்தும். இங்கே தமிழ்ச் செவியே நல்லாசிரியர்.

எல்லா இடத்தும் அவ்வாறு நம்ப முடியாது. ‘நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்’ என்பது நல்ல தமிழ். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘ஹேட் கான்’ என்று பலரும் எழுதுகின்றனர். அலுவலகக் கடிதங்களிலும் காண்கிறோம். ஆங்கிலத்தில் அவ்வடிவம், கடந்த ஒரு நிகழ்ச்சிக்கும் முன்னே நடந்த மற்றொன்றைக் குறிப்பதற்கே உரியது. ‘வண்டி நிலையத்தை அடைவதற்கு முன்பே அவர் போயிருந்தார்’ என்னும் இடத்தில் அது தகும். மதுரைக்குப் போய் வந்த செய்தியை மட்டும் சொல்வதற்கு ‘வென்ட்’ என்னும் ஒரு சொல்லே போதும்.

நம்மைப் போன்ற குடும்பங்கள் குறிப்பாக அறியவேண்டியது ஒன்றுண்டு. பழைய வழக்கங்களை நினைவுகூரும்போது தமிழ் எதிர்கால வடிவத்தைக் கையாள்கிறது. ‘அந்தக் காலத்தில் விடியுமுன்னே ஆற்றுக்குப் போவோம், திரும்பி வரும்போது பாட்டி பழையது பிசைந்து தருவாள், அப்பா வெள்ளிதோறும் கோவிலுக்கு நடந்தே செல்வார்’ என்கிறோம். போவோம், தருவாள், செல்வார் என்பவை வடிவால் எதிர்காலம். பொருளால் என்றோ கழிந்த காலம். ஊரைப் பற்றிய நம் பேச்செல்லாம் இவ்வடிவில்தான் நடக்கிறது. இதனை ஆங்கிலத்தில் சொல்ல முயலும் பிள்ளை ‘பாட்டி வில் கிவ்’ என்று சொல்லிவிட்டால், மறைந்த பாட்டி நாளைக்குச் சோறு தருவாள் என்று பொருளாகிவிடும். அங்கே எளிய இறந்தகாலமாகிய ‘கேவ்’ வரவேண்டும். அன்றி, ‘யூஸ்ட் டு கிவ்’ என்றோ ‘வுட் கிவ்’ என்றோ வரலாம்.

இதற்கு எதிரான வழக்கும் தமிழில் உண்டு. அழைத்தவருக்கு ‘இதோ வந்தேன்’ என்று விடை தருகிறோம். இன்னும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. விரைவு கருதி எதிர்காலத்தை இறந்தகாலத்தால் சொல்லும் இவ்வழக்கைத் தொல்காப்பியரும் ஏற்றுக் கூறியுள்ளார். ஆங்கிலத்தில் அவ்விடத்தில் ‘ஐ கேம்’ என்பது பொருந்தாது, ‘கமிங்’ என்பர்.

மாறுபடும் இடங்களைச் சொன்னோம். ஒன்றுபடும் இடங்களும் உள்ளன. ஒருவரிடம் பணிவாக ஒன்று கேட்கும்போது ஆங்கிலத்தில் ‘ஐ வாண்டெட் டு ஆஸ்க்’ என்று இறந்தகாலத்தில் தொடங்குவர். நாமும், ‘தங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்’ என்றுதான் தொடங்குகிறோம். நடவாததை எண்ணிப் பேசும்போது ‘இஃப் ஐ ஹேட் விங்ஸ்’ என்று அவர்கள் இறந்தகால வடிவத்தை வைக்கின்றனர். ‘எனக்குச் சிறகிருந்தால்’ என்னும் நம் சொல்லிலும் ‘இருந்த்’ என்னும் இறந்தகால வடிவமே உள்ளே இருக்கிறது. உறவில்லாத இரு மொழிகள் பணிவையும் ஏக்கத்தையும் சொல்வதற்கு ஒரே வாயிலைத் தட்டுவது வியப்புக்குரியது. நேரே நிற்கும் நிகழ்காலத்திலிருந்து ஓரடி விலகி நிற்பதே பணிவுக்கும் ஏக்கத்துக்கும் பொதுவான இயல்பு போலும்.

உதிர்ந்த ஈறுகள்

வந்தேன், வந்தோம், வந்தாய், வந்தீர், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன எனத் தமிழில் விரிவது ஆங்கிலத்தில் ‘கேம்’ என்னும் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. பிள்ளைகள் இதனைப் பெரும்பேறாகக் கருதுவர். மனப்பாடம் செய்ய ஒன்றே உள்ளது அல்லவா? ‘வாஸ்’, ‘வேர்’ என்னும் ஓரிடத்தில் மட்டும் வேறுபாடு மிஞ்சியிருக்கிறது. நானும் அவனும் ‘வாஸ்’. நீயும் நாமும் அவர்களும் ‘வேர்’. இவ்வேறுபாட்டைத் தமிழ்ப் பிள்ளை தயங்காமல் ஏற்றுக்கொள்ளும். ஆளுக்கு ஏற்ப வினை மாறுவது அதற்குப் புதிதன்று.

ஆங்கிலம் தொடக்கம் முதலே இவ்வாறு இருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் இறந்தகால வினைக்கும் இடத்தையும் எண்ணையும் காட்டும் ஈறுகள் இருந்தன. அழுத்தமின்றி ஒலித்த அவ்வீறுகள் நூற்றாண்டுகள் பல கடக்கையில் தேய்ந்து மறைந்தன. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் ‘நீ வந்தாய்’ என்பதற்குரிய ‘கேமெஸ்ட்’ என்னும் வடிவம் இன்னும் காணப்படுகிறது. பின்னர் அதுவும் வழக்கொழிந்தது. ஈறு போனபின் ‘ஐ’, ‘யூ’, ‘ஹி’ என்று எழுவாயைச் சொல்லாமல் இருக்க முடியாதாயிற்று. தமிழில் ‘வந்தேன்’ என்னும் ஒரு சொல்லே முழு வாக்கியம். ஆங்கிலத்தில் ‘கேம்’ என்பது தனித்து வாக்கியம் ஆவதில்லை.

இதே வரலாறு நாம் வாழும் இம்மண்ணிலும் நடந்தது என்பதுதான் எண்ணிப் பார்க்கத்தக்கது. மலையாளத்தில் ‘ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு’ என யாவர்க்கும் வினை ஒன்றே. பழைய இராமசரிதம் முதலான நூல்களில் தமிழைப் போன்ற இட ஈறுகள் காணப்படுகின்றன. பிற்காலத்தில் அவை உதிர்ந்தன. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதனைக் குறித்தார். ஏ. ஆர். இராசராசவர்மா 1896இல் வெளியிட்டுப் பின்னர் 1917இல் திருத்தி விரித்த கேரளபாணினீயத்தில், மலையாளம் தமிழிலிருந்து வேறுபட்டு வளர்ந்ததற்கு ஆறு நெறிகளைக் கூறினார். அவற்றுள் ஒன்று மெல்லொலி அடுத்த வல்லொலியையும் தன்மயமாக்குவது. மற்றொன்று புருஷபேத நிராசம், அதாவது இடவேறுபாட்டை விலக்குதல். ‘வந்தான்’ என்பதையும் ‘வந்நு’ என்பதையும் அருகருகே வைத்தால் இரு நெறிகளும் ஒரே சொல்லில் தெரியும். ந்த் என்பது ந்ந் ஆயிற்று; ‘ஆன்’ என்பது மறைந்தது.

இதனால் மலையாளம் குறைபட்டது என்று எவரும் எண்ணலாகாது. அந்த ஈறு இல்லாமலே அம்மொழி சிறந்த இலக்கியங்களைப் படைத்தது, ஆங்கிலமும் அவ்வாறே. மொழி ஒன்றை இழந்தால் வேறொன்றால் அதனை ஈடுசெய்துகொள்ளும். ஆனால் நம் கவலை வேறு. ஒரு மொழி நூற்றாண்டுகளில் மெல்ல மாறுவது ஒன்று. அயல்மொழிகளுக்கிடையே வாழும் பிள்ளை தாய்மொழியின் ஈற்றை ஒரே தலைமுறையில் நழுவவிடுவது மற்றொன்று. முன்னதில் எல்லோரும் சேர்ந்தே மாறுகின்றனர். பின்னதில் பிள்ளை ஒரு கரையிலும் பாட்டி மறுகரையிலும் நிற்கின்றனர்.

நம் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறோம். தென்காசியிலுள்ள ஆச்சியிடம் நம் சிறுமி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். “ஆச்சி, தாத்தா வந்து” என்றாள். மறுமுனையில் ஆச்சி காத்திருந்தார்கள். “வந்து... என்னம்மா செஞ்சாங்க?” என்று கேட்டார்கள். “ஒண்ணும் செய்யலை ஆச்சி. தாத்தா வந்து” என்றாள் மீண்டும். மலையாள ‘வந்நு’ தமிழ் உடை உடுத்தி வந்திருக்கிறது என்பதை அருகிலிருந்த நாம் உணர்ந்தோம். சிறுமிக்கு வாக்கியம் முடிந்துவிட்டது. ஆச்சிக்கோ அது வினையெச்சம், முற்றுக்காகக் காத்திருந்தார்கள். இருவரும் தமிழே பேசினர். ஒருவர் முடித்த இடத்தில் மற்றவர் தொடக்கத்தைக் கண்டார்.

அங்கே விடுபட்டது ஓரசைதான். ஆனால் ‘வந்தார்’ என்பதில் உள்ள ‘ஆர்’ என்னும் ஈறே தாத்தா பெரியவர் என்பதைச் சொல்கிறது. ‘வந்தான்’ என்றால் தம்பி. ‘வந்தாள்’ என்றால் தங்கை. ‘வந்தது’ என்றால் பூனைக்குட்டியோ பேருந்தோ. யார் என்பதையும் அவர் நமக்கு என்ன முறை என்பதையும் வினையின் வாலிலேயே முடிந்துவைத்தனர் நம் முன்னோர். ஆங்கிலத்தில் தாத்தாவும் ‘கேம்’, பூனைக்குட்டியும் ‘கேம்’. அம்மொழிக்கு மரியாதையைக் காட்டும் வேறு வழிகள் உள்ளன. அவை அங்கே அழகு. தமிழில் அந்த வழி வினையின் ஈறு. அது போனால் தமிழில் மரியாதை தங்குவதற்கு வேறிடம் தேடவேண்டும்.

தன்மைப் பன்மையில் இன்னும் நுட்பம் இருந்தது. கேட்பவரையும் உளப்படுத்தும் ஈறுகள் இவை, அவரை விடுத்துப் படர்க்கையாரை உளப்படுத்துவன இவை என நன்னூல் பிரித்துரைக்கிறது. இன்று ‘வந்தோம்’ என்னும் ஒரே வடிவம் இரண்டுக்கும் வழங்குகிறது. வேறுபாடு ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் பெயர்களில் மட்டும் எஞ்சியுள்ளது. தமிழும் தன் ஈறுகளில் சிலவற்றை உதிர்த்தே வந்திருக்கிறது. ஆங்கிலத்தின் ‘வீ’ என்னும் சொல்லில் அந்த வேறுபாடும் இல்லை. ‘நாங்கள் கொச்சிக்கு வந்தோம்’ என்று பிறருக்குச் சொல்வதும், ‘நாம் கொச்சிக்கு வந்தோம்’ என்று நம் பிள்ளைக்குச் சொல்வதும் ஒன்றல்ல. முதலாவது கேட்பவருக்குத் தரும் தகவல். இரண்டாவது கேட்கும் பிள்ளையையும் கைப்பிடித்துப் பயணத்தில் சேர்த்துக்கொள்வது.

வீட்டில் செய்யத்தக்கன

ஆங்கிலத்தைக் குறைத்துக்கொண்டு தமிழை வளர்க்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. பிழைப்புக்கும் உயர்கல்விக்கும் ஆங்கிலம் வேண்டும். வாழும் மண்ணின் மொழியாகிய மலையாளமும் வேண்டும். அவற்றை நன்றாகக் கற்பதற்கே தமிழ் உதவும் என்பதைத்தான் மேலே கண்டோம். மாலையில் பிள்ளை ஆங்கில வினைப்பட்டியலைக் கொண்டுவந்து அமரும்போது, ஒவ்வொரு வினைக்கும் எதிரே தமிழ் வடிவங்களையும் சொல்லச் சொல்வோம். ‘ரோட்’ என்றால் எழுதினேன், எழுதினாய், எழுதினார், எழுதினோம். ஆங்கிலச் சொல் ஒன்றுக்குத் தமிழில் எத்தனை ஈறுகள் என்று பிள்ளையே எண்ணட்டும். மலையாளத்தில் அதனை எவ்வாறு சொல்வர் என்பதையும் கேட்போம்; அதில் பிள்ளை நமக்கு ஆசிரியராகும்.

இதனைவிட நல்ல பயிற்சி ஒன்றுண்டு. நம் குடும்பம் இங்கு வந்த கதையைப் பிள்ளைக்குத் தமிழில் சொல்வோம். எந்த ஆண்டில் வந்தோம், எந்த ரயிலில் வந்தோம், முதல் மாதம் எங்கே உண்டோம், யார் வீடு பார்த்துக் கொடுத்தார், மழையைக் கண்டு அம்மா என்ன சொன்னாள் என்பவற்றையெல்லாம் சொல்வோம். அதையே பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதட்டும். ‘போவோம், வருவோம்’ என்று நாம் சொன்னவற்றை ‘வென்ட்’ என்றும் ‘கேம்’ என்றும் மாற்றவேண்டிய இடங்கள் அங்கே தாமே வந்து நிற்கும். எந்தப் பாடநூலிலும் அதற்கு நிகரான பயிற்சி கிடையாது. பிள்ளைக்கு அக்கதை மறக்கவும் மறக்காது. எழுதி முடித்த பக்கத்தைத் தாத்தாவோ ஆச்சியோ வந்திருக்கும்போது, மீண்டும் தமிழாக்கிப் படித்துக் காட்டச் சொல்வோம். ‘வந்தார்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வந்தார்’ என்று வருகிறதா என்பதை அவர்கள் கேட்டுச் சொல்வார்கள். ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு இதைவிட நல்ல வரவேற்பு வேறு என்ன இருக்கிறது?